துறைத் தெரிவும் அடிப்படைப் பரிசோதனைத் திறனும்: மூத்தவர்களிடம் ஓர் ஆலோசனை

மதிப்பிற்குரிய மூத்த மருத்துவர்களுக்கு வணக்கம். யாழ்ப்பாணத்தில் படித்து, இப்போது உள்ளகப் பயிற்சியின் முதல் ஆறு மாதத்தை மருத்துவ விடுதியில் (வார்டில்) செய்துவருகிறேன். அடுத்த ஆறு மாதம் சத்திரசிகிச்சை. பட்டப்பின் படிப்புக்குக் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைக் கொண்டு நோயறியும் கதிரியலைத் தெரிவுசெய்யும் எண்ணம் இறுதி ஆண்டிலிருந்தே உண்டு.

சென்ற வாரம் மூச்சிரைப்புடன் வந்த அம்மா ஒருவரின் நெஞ்சைப் பரிசோதித்து, இதயத்தில் அசாதாரண ஒலி எதுவுமில்லை என்று குறிப்பில் எழுதினேன். நிபுணர் வந்து அவரை இடப்பக்கமாகச் சரித்து, மூச்சை வெளிவிட்டுப் பிடிக்கச் சொல்லி, ஸ்டெதஸ்கோப்பின் மணிப்பக்கத்தை இதய நுனியில் மெதுவாக வைத்துக் காட்டியபோதுதான், மைட்ரல் வால்வு ஒடுக்கத்தின் (இதயத்தின் இடப்பக்க வால்வு ஒன்று குறுகுவதன்) தாழ்ந்த உருட்டொலி என் காதிலும் விழுந்தது. எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில்) எப்படியும் தெரிந்திருக்கும் என்று மனம் உடனே சமாதானம் சொல்லியது. அந்தச் சமாதானம்தான் என்னை உறுத்துகிறது.

கதிரியலில் எனக்கிருப்பது உண்மையான ஈடுபாடா, அல்லது தொட்டும் தட்டியும் கேட்டும் நோயறிவதில் நம்பிக்கை போதாமையால் அங்கே ஒதுங்கப் பார்க்கிறேனா என்பதை எப்படிப் பிரித்தறிவது? நாளத்தில் கனூலா எனும் சிறு குழாயை ஏற்றுவதும் குருதி எடுப்பதும் இரவுக் கடமைகளின் புண்ணியத்தில் கைவந்துவிட்டன. பரிசோதனைதான் பின்தங்கி நிற்கிறது. கதிரியல், மயக்கவியல், உளமருத்துவம் ஆகிய துறைகளில் இருப்பவர்கள், விடுதியில் பழகிய திறன்களில் எவை இன்றும் உங்களுக்குப் பயன்படுகின்றன என்பதையும், மீதமுள்ள மாதங்களில் நான் எதை முதலில் சீர்செய்யவேண்டும் என்பதையும் எழுதினால் பேருதவியாக இருக்கும். விடுதியில் வெறுப்படைந்து துறை மாறியவர்களின் அனுபவத்தையும் தயங்காமல் பகிருங்கள்.