பிளாங்க் 1900இல் தீர்த்தது எந்தச் சிக்கலை?

ஆசிரியை, திருகோணமலை:
வணக்கம். இங்கு உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். கரும்பொருட் கதிர்ப்பில் (தன்மேல் விழும் கதிர் அனைத்தையும் உறிஞ்சும் பொருள் சூடாகும்போது வெளிவிடும் கதிர்ப்பில்) பழைய கோட்பாடு கழியூதாப் பக்கத்தில் முடிவிலியைத் தந்ததென்றும், அந்தப் பேரிடரைத் தவிர்க்கவே பிளாங்க் சக்திச் சொட்டுகளைக் (குவாண்டங்களை) கொண்டுவந்தார் என்றும் குறிப்புகள் கூறுகின்றன. ஆனால் அந்த முடிவிலியைத் தரும் இறேலி–ஜீன்ஸ் விதி முழுமை பெற்றது 1905இல் என்று ஒரு மாணவி சுட்டிக்காட்டினாள். அப்படியானால் பிளாங்கை உந்தியது எது?

மறுமொழி:
மாணவியின் ஐயம் நியாயமானது, அவளைப் பாராட்டுங்கள். ‘கழியூதாப் பேரிடர்’ என்ற பெயரே 1911இல் எஹ்ரன்ஃபெஸ்ட் சூட்டியது. பிளாங்குக்குச் சிக்கல் எதிர்ப்பக்கத்தில், நீண்ட அலைநீளமுள்ள செங்கீழ்க் கதிர்களில் எழுந்தது. கதிரின் செறிவு அலைநீளத்தோடும் வெப்பநிலையோடும் எவ்வாறு மாறும் என்று கூறும், 1896இல் வெளிவந்த வீன் விதி குறுகிய அலைநீளங்களில் நன்கு பொருந்தியது. பெர்லினில் ரூபன்ஸும் குர்ல்பாமும் கதிர்களைக் கல்லுப்புப் பளிங்குகளில் திரும்பத் திரும்பத் தெறிக்கவிட்டு, எஞ்சிய ஏறத்தாழ 51 மைக்கிரோமீற்றர் கதிரை மட்டும் அளந்தார்கள். (நிலாவெளி உப்பளத்தில் விளைவதும் இதே சோடியங்குளோரைட்டுத்தான்.) வீன் விதிப்படி, வெப்பநிலை ஏற ஏறக் கதிரின் செறிவு ஓர் எல்லையை நெருங்கி நின்றுவிட வேண்டும், அளவீட்டிலோ அது வெப்பநிலைக்கு நேர்விகிதமாக ஏறிக்கொண்டே போனது. இதை ரூபன்ஸிடமிருந்து அறிந்த பிளாங்க், 1900 ஒக்டோபர் 19இல் புதிய சூத்திரத்தை முன்வைத்தார். வீன் சூத்திரத்தின் பகுதியெண்ணிலுள்ள அடுக்குக்குறி உறுப்பிலிருந்து ஒன்றைக் கழித்தால் அதுவே பிளாங்கின் சூத்திரம். குறுகிய அலைநீளத்தில் அடுக்குக்குறி உறுப்பு மிகப் பெரிதாகையால் அந்த ஒன்று பொருட்டல்ல. நீண்ட அலைநீளத்தில் அவ்வுறுப்பே ஒன்றை நெருங்குவதால், அக்கழித்தல் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

ஆசிரியை:
மிக்க நன்றி. அவ்வாறாயின் சக்திச் சொட்டு எப்போது நுழைந்தது?

மற்றொரு மறுமொழி:
சூத்திரம் முந்தியது, விளக்கம் பிந்தியது. அளவீடுகளுக்குப் பொருந்திய அச்சூத்திரத்துக்குக் காரணம் தேடிய பிளாங்க், சக்தியை எத்தனை வழிகளில் பகிரலாம் என்று எண்ணும் போல்ட்ஸ்மானின் முறையைக் கையாண்டு, அலையங்களின் (கதிரை உமிழ்ந்தும் உறிஞ்சியும் அதிர்பவற்றின்) சக்தியை மீடிறனுக்கு விகிதமான கூறுகளாகப் பகுத்து, டிசம்பர் 14இல் அதை நிறுவினார். அவர் பகுத்தது அலையங்களின் சக்தியைத்தான். ஒளியே சொட்டுகளாக இருக்கலாம் என்று 1905இல் துணிந்தவர் ஐன்ஸ்டைன். 1913இல் ஐன்ஸ்டைனைப் பிரசிய அறிவியல் கழகத்துக்குப் பரிந்துரைத்த கடிதத்தில்கூட, ஒளிச்சொட்டு விடயத்தில் அவர் சில வேளை இலக்குத் தவறியிருக்கலாம் என்ற வரி இருந்தது. அதில் கையொப்பமிட்டவர்களுள் பிளாங்கும் ஒருவர்.