கர்னல் துவங்கும்போதே பேனிக்: பிசிஐ முகவரி ஒதுக்கீட்டில் சிக்கலா?

வணக்கம் நண்பர்களே. பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் கர்னலைப் (இயங்குதளத்தின் மையப் பகுதி) புதுப்பித்ததிலிருந்து துவக்கம் பாதியில் நின்றுவிடுகிறது. திரையில் கடைசியாகத் தெரிவது பிசிஐ பாலத்துக்கு (உள் அட்டைகளைச் செயலியோடு இணைக்கும் பகுதி) நினைவக முகவரி ஒதுக்கும் வரி. உடனே கர்னல் பேனிக், அதாவது மீள முடியாத பிழையால் கர்னல் நின்றுவிடுகிறது. முந்தைய கர்னல் நலமாக ஓடுவதால் ரேமைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

கர்னலுக்குத் துவக்கத் தெரிவாக 'பிசிஐ=நோசிஆர்எஸ்' கொடுத்தால் துவங்கிவிடுகிறது. அப்போது ஏசிபிஐ (வன்பொருள் விவரங்களை இயங்குதளத்துக்குத் தரும் முறை) சொல்லும் முகவரி எல்லைகளைக் கர்னல் பொருட்படுத்துவதில்லை. ஆகவே பயாஸ் (கணினியின் துவக்க மென்பொருள்) தவறான எல்லையைத் தருகிறது, அல்லது பயாஸ் தரும் நினைவக வரைபடமான இ820 பட்டியலில் ஏற்கெனவே ஒதுக்கிவைத்த பகுதியோடு அது மோதுகிறது என்பது என் சந்தேகம். இந்தத் தெரிவையே நிரந்தரமாக்கலாம்தான்; ஆனால் வைஃபை அட்டை காணாமல் போகிறது!

துவக்கப் பதிவை வேறு கணினிக்கு அனுப்ப சீரியல் போர்ட் கிடையாது. பதிவை வலையமைப்பு வழியே அனுப்பும் நெட்கன்சோலும் இவ்வளவு முன்னதாக விழிக்காது. முழுப் பதிவை எடுக்க வேறு வழி உண்டா? கிட் பைசெக்டில் (சிக்கலைக் கொண்டுவந்த மாற்றத்தைப் பாதி பாதியாகச் சோதித்துத் தேடுவது) இறங்குமுன் எந்த முகவரி எதற்கு ஒதுக்கப்பட்டது என்று காட்டும் 'ஐஓமெம்' கோப்புகளை இரு கர்னல்களிலும் எடுத்து ஒப்பிட்டால் ஏதேனும் துப்புக் கிடைக்குமா?