பொதி எந்த அட்ரஸுக்கு? – ‘கார்த்திகேசு குடும்பம்’ வாட்ஸ்அப் குழு

ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம்

வதனி (வெள்ளவத்தை): பிள்ளை அரு, முன் ஃபிளாட் ரீச்சர் வியாழக்கிழமை லண்டன் போறா. 5 கிலோ கொண்டு போவன் எண்டவா. வறுத்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, முறுக்கு, கொஞ்சம் கருவாடு கட்டிவிடுறன். அட்ரஸை வடிவா எழுதி அனுப்பு.

அருந்ததி (லண்டன்): அம்மா, சந்திரா பெரியம்மாட வெம்பிளி அட்ரஸ்தான். எங்கட கடிதம், பாங்க் எல்லாம் அதுக்குத்தானே வாறது.

வதனி: அது தெரியும். உங்கட இடத்துக்கே கொண்டுவந்து தாறன் எண்டு ரீச்சர் சொல்லுறா. அவவின்ர மகன் கார் வச்சிருக்கிறார்.

கபிலன்: அம்மா, அவை இருக்கிறது படகில 😂

வதனி: படகெண்டாலும் ஒரு இடத்தில தானே கட்டியிருக்கும். அந்த இடத்துக்குப் பேர் இல்லையோ?

நிரோஷன் (லண்டன்): மாமி, இண்டைக்கு லண்டன் அல்பேட்டனில, கெனல் (வாய்க்கால்) கரையில நிக்கிறம். ஈலிங் ரோட் பாலத்துக்குக் கிட்ட. புதன்கிழமையோட 14 நாள் முடியுது, வெளிக்கிட வேணும். வியாழன் எங்க நிப்பம் எண்டது இடம் கிடைக்கிறதைப் பொறுத்துத்தான்.

பவானி (தெஹிவளை): என்ன தம்பி, ஆராவது வந்து எழுப்பி விடுகினமோ?

நிரோஷன்: இல்லை சின்ன மாமி, எங்கட லைசன்ஸ் அப்பிடி. கட்டுறதுக்கு நிரந்தரமா ஒரு இடம் வாடகைக்கு எடுத்தா அங்கயே நிக்கலாம். லண்டனில அது கிடைக்கிறதும் கஷ்டம், காசும் கூட. இடம் இல்லாத படகு ஓடிக்கொண்டே இருக்கவேணும், ஒரு இடத்தில 14 நாளுக்கு மேல நிக்கேலாது. 1995 இல வந்த சட்டம். கெனலுகளைப் பாக்கிற ட்ரஸ்ட் ஆக்கள் கரையால வந்து படகு நம்பரைப் பதிஞ்சுகொண்டு போவினம்.

சிவா மாமா (கொட்டாஞ்சேனை): ஒரு பாலம் தள்ளிக் கட்டிப்போட்டு, பிறகு திரும்பி வந்தா?

அருந்ததி: எல்லாரும் முதல் கேக்கிற கேள்வி அதுதான் மாமா 😄 ரெண்டு இடத்துக்கு நடுவில மாறி மாறி ஓடினா லைசன்ஸ் புதுப்பிக்கேக்க பிடிப்பினம். வருஷம் முழுக்க எவ்வளவு தூரம் போயிருக்கிறம் எண்டு பாப்பினம்.

சிவா மாமா: என்ன நீளம், என்ன அகலம்?

நிரோஷன்: 57 அடி நீளம் மாமா. அகலம் 6 அடி 10 அங்குலம்.

சிவா மாமா: ஏழு அடி கூட இல்லையோ!

நிரோஷன்: நடு இங்கிலாந்துப் பக்கத்தில லொக், அதுதான் தண்ணி மட்டத்தைக் கூட்டிக் குறைச்சுப் படகை ஏத்தி இறக்கிற கதவு வச்ச தொட்டி, எல்லாம் ஏழு அடி அளவுதான் அகலம். அதுக்குள்ள போகவேணும் எண்டா படகு இப்பிடித்தான் இருக்கவேணும். நாங்கள் நிக்கிற கெனல் கிளை 1801 இல திறந்தது. குதிரை இழுத்துக்கொண்டு போன காலம்.

சிவா மாமா: அதே காலம் தான் இங்கயும். டச்சுக்காரன் கெனல் வெட்டினான், பிறகு வெள்ளைக்காரன் வந்து 1804 இல ஹமில்டன் கெனலை முடிச்சான். டச்சுக் கெனலோட சேந்து களனி ஆத்துப் பக்கத்திலயிருந்து வத்தளை, நீர்கொழும்பு, புத்தளம் எண்டு போகும். துறைமுகத்தில எங்களோட வேலை செய்த பழைய ஆக்கள் அந்தத் தட்டைப் படகுகளைப் பற்றிக் கதை கதையா சொல்லுவினம். படகிலயே சமைச்சு, படகிலயே படுத்து, சாமான் ஏத்தி இறக்கி

சிவா மாமா: இறக்கி ஒரு குடும்பமே சீவிச்சிருக்கு. (கை தட்டுப்பட்டுப் போட்டுது)

வதனி: அண்ணா, நீங்கள் அவையை இன்னும் உசுப்பேத்தி விடாதேங்கோ.

வதனி: (குரல் பதிவு, 1:52)

கபிலன்: வொய்ஸ் கேக்க நேரமில்லாதவைக்குச் சுருக்கம்: தண்ணி எங்கால? கெனல் தண்ணியிலயோ குளிக்கிறது? வெள்ளவத்தை கெனல் நாத்தம் தெரியும் தானே. கக்கூஸ் எப்பிடி? இரவில விழுந்தா ஆர் தூக்கிறது? கடைசி அரை நிமிசம் அழுகை.

வதனி: அழேல்ல. தடிமன்.





அருந்ததி: அம்மா, ஒண்டொண்டாச் சொல்லுறன். குடிக்கிறது, குளிக்கிறது எல்லாம் பைப் தண்ணி. அணியத்துக்குக் கீழ 400 லீட்டர் டாங்கி. கரையில அங்கங்க தண்ணிப் பைப் இருக்கு, எங்களிட்டத் திறப்பு இருக்கு, ஹோஸைப் போட்டு நிரப்பவேணும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல நிக்கவேணும். முன்னால இன்னொரு படகு நிண்டா அதுக்கும் சேத்து.

நிரோஷன்: போன கிழமை பைப் உறைஞ்சு போச்சு. கெனலில மேல ஐஸ். ஐஸுக்குள்ளால படகை ஓட்டினா எங்கட பெயின்ரும் உரியும், கட்டியிருக்கிற மற்றப் படகுகளிலயும் ஐஸ் போய் இடிக்கும். அதால அசையாமல் இருந்தம்.

பவானி: அப்ப தண்ணிக்கு?

நிரோஷன்: டாங்கியில கால்வாசி இருந்தது. முகம் கழுவின தண்ணியைப் பிடிச்சு வச்சுக் கோப்பை ஊற வச்சது.

வதனி: ஐயோ கடவுளே.

அம்மம்மா (கபிலன்ர ஃபோனிலயிருந்து): இதில என்ன ஐயோ? 2022 இல நாங்கள் என்ன செய்தனாங்கள்? கரண்ட் 13 மணித்தியாலம் இல்லை, பம்பு ஓடேல்ல, லிஃப்ட் இல்லை. நாலாம் மாடிக்கு வாளி தூக்கினது ஆர்? கேஸ் கியூவில சிலிண்டரை வச்சுப்போட்டு விடிய விடிய நிண்டது ஆர்? வதனி, நீ அண்டைக்கு அரிசி கழுவின தண்ணியில கால் கழுவினனீ.

கபிலன்: அம்மம்மா சொல்லச் சொல்ல அப்பிடியே ரைப் பண்ணினனான். ஒரு எழுத்து மாத்தேல்ல.

பவானி: 🤣🤣 அக்கா பதில் இல்லை.

வதனி: அது நாடு அப்பிடிக் கிடந்தது. இது இவை காசு குடுத்து வாங்கின கஷ்டம்.

அருந்ததி: சரி, அதுவும் உண்மைதான்.

சிவா மாமா: கக்கூஸ் கேள்விக்குப் பதில் வரேல்ல. எல்லாரும் அதுக்காகத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறம்.

நிரோஷன்: கசெற் டொய்லெட் மாமா. கீழ 20 லீட்டர் அளவில ஒரு பெட்டி. நிரம்பினா இழுத்தெடுத்து, சில்லு வச்ச சூட்கேஸ் மாதிரி உருட்டிக்கொண்டு போய், அதுக்கெண்டு இருக்கிற இடத்தில ஊத்திக் கழுவிக் கொண்டு வாறது.

வதனி: மருமகன் கக்கூஸை உருட்டிக்கொண்டு ரோட்டால போறாரோ?

நிரோஷன்: ரோட்டால இல்லை மாமி, கரையால. எதிர வாறவரும் அதையேதான் உருட்டிக்கொண்டு வருவார். குட் மோர்னிங் சொல்லுவம்.

பவானி: அரு, நீ எப்ப ஊத்திறது?

அருந்ததி: நான் கரி அள்ளுறன், சாம்பல் கொட்டுறன். கக்கூஸ் அவர். கலியாணத்துக்கு முதலே பேசினது.

கபிலன்: சீதன ஒப்பந்தம் 😂

வதனி: விழுந்தா எண்டு கேட்டதுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல.

நிரோஷன்: கெனல் பெரும்பாலும் நாலடி அளவுதான் ஆழம் மாமி. விழுந்தா எழும்பி நிண்டா சரி. லொக்குக்குள்ள மட்டும் கவனம், அது ஆழம், தண்ணியும் இழுக்கும். நாங்கள் இப்ப நிக்கிற பக்கத்தில லொக்கே இல்லை. கொஞ்சம் தள்ளி நோர்த் சேர்க்குலர் ரோட்டுக்கு மேலால கெனல் போகுது. கீழ காரெல்லாம் ஓடும், மேல நாங்கள் படகில.

நிரோஷன்: (படம்)

சிவா மாமா: இது பாலமோ? தண்ணிப் பாலமோ? அடேயப்பா.

வதனி: படம் வடிவு. பிள்ளை மெலிஞ்சு போனாள்.

பவானி: குளிர் எப்பிடி அரு?

அருந்ததி: குளிர் பரவாயில்லை சித்தி. கரி அடுப்பு ஒண்டு இருக்கு. இரவு படுக்கப் போகேக்க கரியைப் போட்டுக் காத்தைக் குறைச்சு விட்டா விடிய மட்டும் தணல் இருக்கும். புகையில்லாத கரிதான் எரிக்கலாம். கார்பன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம், படகுக்கு 4 வருஷத்துக்கு ஒருக்கா சோதினை இருக்கு, அதிலயும் பாப்பினம். பிரச்சினை குளிரில்லை, ஈரம்.

பவானி: ஒழுகுதோ?

அருந்ததி: இல்லை. நாங்கள் விடுற மூச்சு, குசினி ஆவி எல்லாம் ஜன்னலில போய்த் தண்ணியாகும். விடியக் கண்ணாடியில மேலயிருந்து கோடு கோடா வடிஞ்சு, கீழ அலுமினியச் சட்டத்தில தேங்கி நிக்கும். துணியால ஒத்தி ஒத்திப் பிழிஞ்சா ஒரு தேத்தண்ணிக் கோப்பை வரும். ஒரு நாள் விட்டா மெத்தைக்குக் கீழ போய்ப் பூஞ்சணம் பிடிச்சிடும். அதால மாரியில புட்டு, இடியப்பம் அவிக்கிறேல்ல. அவிச்ச அண்டைக்கு இரவு எல்லாக் கதவையும் திறந்து வச்சுக் குளிரில நடுங்கவேணும்.

வதனி: அப்ப என்னதான் சாப்பிடுறீங்கள்?

நிரோஷன்: ரொட்டி, சம்பல். அல்பேட்டனில நிண்டா நடந்து போய் எங்கட ஆக்களின்ர கடையில எல்லாம் வாங்கலாம். ஊர் மீன், முருங்கைக்காய், பாண் கூட. அதுக்காகவே 14 நாளையும் முழுசா நிண்டு முடிக்கிறது.

அருந்ததி: சோறு பானையில, கேஸில. ரைஸ் குக்கர் கோடையில மட்டும், சோலார் நல்லா வேலை செய்யேக்க. மாரியில வெயில் இல்லை, எஞ்சினை ஓட்டித்தான் பற்றரி ஏத்தவேணும். அதையும் இரவு 8 இலயிருந்து விடிய 8 மட்டும் ஓட்டக்கூடாது, பக்கத்துப் படகுக்காரர் நித்திரை கொள்ளவேணும். அதால கிரைண்டர் போடுறதெண்டா எஞ்சின் ஓடுற நேரம் பாத்துத்தான். சட்னி அரைக்கிறதுக்கும் டீசல் 😅

சிவா மாமா: இதெல்லாம் சேத்துப் பாத்தா வீட்டு வாடகையை விட மிச்சமோ?

நிரோஷன்: லண்டன் வாடகையோட பாத்தா மிச்சம்தான் மாமா, ஆனா ஆக்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. லைசன்ஸ், இன்சூரன்ஸ், கரி, டீசல், கேஸ். ரெண்டு மூண்டு வருஷத்துக்கு ஒருக்கா தண்ணிக்கு வெளியில தூக்கி அடியில கறுப்புப் பூசவேணும், இல்லாட்டி இரும்பு கறள் பிடிக்கும். 2024 ஏப்ரிலிலயிருந்து எங்களை மாதிரி நிரந்தர இடம் இல்லாத படகுகளுக்கு லைசன்ஸில மேலதிகமாகவும் எடுக்கினம், வருஷா வருஷம் கூடுது. அதுக்கு எதிரா படகுக்காரர் எல்லாரும் கத்திக்கொண்டு இருக்கினம்.

பவானி: அப்ப ஏன் தம்பி?

நிரோஷன்: வாடகை குடுத்த காசு வாடகையா போச்சு சின்ன மாமி. இது எங்கட. கதவு தட்டி வீட்டுக்காரன் எழும்பு எண்டு சொல்லமாட்டான்.

கபிலன்: ட்ரஸ்ட் சொல்லும், 14 நாளில 😂

நிரோஷன்: சொல்லும். ஆனா வீட்டோடதானே எழும்புறம் மச்சான்.

திங்கட்கிழமை, காலமை

வதனி: சரி. ரீச்சரோட கதைச்சிட்டன். சந்திரா வீட்டில குடுக்கட்டும். ஆர் எடுக்கிறது?

நிரோஷன்: நான் சனிக்கிழமை எடுக்கிறன் மாமி. அண்டைக்கு கென்சல் கிரீன் பக்கம் நிப்பம், ட்ரெயினில வெம்பிளி கிட்டத்தான்.

அருந்ததி: அம்மா, கருவாடு வேண்டாம் ப்ளீஸ். முழுப் படகும் ஒரே ஒரு நீட்டு அறை. பொரிச்சா தலையணை, கோட், ஒஃபிஸ் பாக் எல்லாத்திலயும் ஒரு கிழமைக்கு நிக்கும்.

பவானி: அதுக்குப் பதிலா ஒரு போத்தல் நெய் வையுங்கோ அக்கா.

அருந்ததி: நெய் வேண்டாம் சித்தி, பால் சாமான் இலங்கையிலயிருந்து கொண்டுவர விடமாட்டினம். ரீச்சர் எயார்போட்டில மாட்டுப்படுவா.

வதனி: அப்ப கருவாடு நிப்பாட்டிறன்.

நிரோஷன்: மாமி, நெத்தலி கொஞ்சம் மட்டும் போடுங்கோ. வெளியில, கரையில வச்சுப் பொரிக்கலாம்.

அருந்ததி: நிரோ!!!

வதனி: தம்பி கேட்டிட்டார். போடுறன். 200 கிராம்.

வதனி: நான் ஜூனில வந்தா எங்க படுக்கிறது எண்டும் சொல்லுங்கோ. விசாவுக்குக் குடுக்க முதல் தெரிய வேணும்.

அருந்ததி: சாப்பாட்டு மேசையைக் கீழ இறக்கி மேல மெத்தை போட்டா கட்டில் அம்மா. ஜன்னலுக்குப் பக்கத்தில. விடிய வாத்து வந்து கண்ணாடியில கொத்தும், பாண் கேட்டு.

வதனி: பாண் நான் போடுவன். படி எத்தினை? எனக்கு முழங்கால் தெரியும் தானே.

நிரோஷன்: உள்ள இறங்க மூண்டு படி மாமி. பிடிக்கக் கம்பி ஒண்டு பூட்டி வைக்கிறன். வேகத்துக்குப் பயப்பிடாதேங்கோ, மணித்தியாலத்துக்கு 4 மைல்தான் ஓடலாம். கரையில நடக்கிறவை எங்களை முந்திக்கொண்டு போவினம்.

சிவா மாமா: அதை ஓட்ட லைசன்ஸ் வேணுமோ தம்பி? சுக்கான் பிடிக்கிறவருக்கு?

நிரோஷன்: படகுக்குத்தான் லைசன்ஸ் மாமா. ஓட்டுற ஆளுக்கு வேண்டாம். நீங்களும் பிடிக்கலாம்.

சிவா மாமா: அப்ப வதனியோட எனக்கும் ஒரு டிக்கெட் பாருங்கோ.

பவானி: அண்ணா, நீங்கள் முதல் கொட்டாஞ்சேனையிலயிருந்து தெஹிவளைக்கு வாங்கோ. போன தீபாவளிக்கு வாறன் எண்டனீங்கள்.

சிவா மாமா: காலி வீதி ட்ராஃபிக் பவானி. கெனலால வழி இருந்தா எப்பவோ வந்திருப்பன்.