கரிப்பூர் ஓடுபாதை மேல் பழி போடுவதை நிறுத்துங்கள்

கூடலூரான்:
துரை நேற்று வேறொரு இழையில் எழுதியதை அப்படியே இங்கே போடுகிறேன்: "மங்களூர், கரிப்பூர் இரண்டும் மரணக்குழிகள். மலையைச் சீவி ஏர்போர்ட் கட்டியதுதான் 179 உயிர்களைக் கொன்றது. செத்துப்போன பைலட்டுகள் மேல் பழி போடாதீர்கள்." (மங்களூர் 2010, கரிப்பூர் 2020 விமான விபத்துகளில் இறந்தவர்களைச் சேர்த்துச் சொல்கிறார்.)

படித்ததும் எரிச்சலாகிவிட்டது. கூடலூர்க்காரர்கள் வளைகுடாவுக்குப் போக வர எங்களுக்குக் கைக்கெட்டிய விமான நிலையம் கோழிக்கோட்டின் கரிப்பூர்தான். நாடுகாணிச் சுரம் இறங்கி நிலம்பூர் வழியாகப் போய்விடுவோம். பதினொரு வருடமாக அந்த ஓடுபாதையில் இறங்கி ஏறியவன் நான். ஒரே ஒரு எண்ணைச் சொல்கிறேன். 2020 ஆகஸ்ட் 7 இரவு துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்ட இடம், ஓடுபாதைத் தொடக்கத்திலிருந்து 4,438 அடி. ஓடுபாதையின் மொத்த நீளம் 8,858 அடி. பாதி தாண்டிவிட்டது. பாதியில் தொட்டுவிட்டு பாதை போதவில்லை என்றால் அது பாதையின் குற்றமா?

தென்காசி துரை:
என் பெயரைப் போட்டே இழை ஆரம்பித்துவிட்டீர்களா? பரந்தூர் விவாதத்தில் பதில் சொல்ல முடியாமல் போன கோபம் இன்னும் தீரவில்லை போல.

என் கேள்வி எளிது. 2019 ஜூலை 1 இரவு, மும்பையில் இதே மாதிரி மழை. ஜெய்ப்பூரிலிருந்து வந்த ஸ்பைஸ்ஜெட் போயிங் ஓடுபாதையைத் தாண்டிப் போய் சேற்றில் நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கரிப்பூரில் தாண்டியது 110 அடி பள்ளத்தில் விழுந்து உடைந்தது. 19 பயணிகள், 2 பைலட்டுகள் என 21 பேர் போய்விட்டார்கள். தப்பு இரண்டு இடத்திலும் நடந்தது. சாவு எங்கே நடந்தது? பள்ளம் இருந்த இடத்தில்.

கூடலூரான்:
4,438 அடி. அதற்குப் பதில் சொல்லவே இல்லையே நீங்கள்.

தென்காசி துரை:
பள்ளம். அதற்கு நீங்கள்தான் சொல்லவில்லை.

அனிதா மதுரை:
ஒரு நிமிடம். முதலில் 'விபத்துக்குக் காரணம்' என்று எதைச் சொல்கிறோம், 'சாவுக்குக் காரணம்' என்று எதைச் சொல்கிறோம் என்று பிரித்துக்கொள்ளலாமே? இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி இருக்கிறது.

கூடலூரான்:
மேடம், பிரித்துப் பேச நேரம் இருக்கிறது. முதலில் அந்த இரவைப் பாருங்கள். முதல் தடவை ஓடுபாதையின் 28 என்ற எண் போட்ட முனைப் பக்கமாக இறங்க வந்தார்கள். நல்ல மழை. கேப்டன் பக்கத்து வைப்பர் வேலை செய்யவில்லை. மேலே தூக்கிவிட்டார்கள், அது சரியான முடிவு. அப்புறம் எதிர்ப் பக்கமான 10-இல் இறங்க வந்தார்கள். இப்போது காற்று முதுகுப் பக்கம், சுமார் 14 நாட். ஈரத் தரை, பின்காற்று, வைப்பர் இல்லை. துணை பைலட் 'கோ அரவுண்ட்' (இறங்காமல் மேலே தூக்கு) என்று சொன்ன பிறகும் கேப்டன் இறக்கிவிட்டார். விபத்து விசாரணை அறிக்கை இதைத்தான் முதன்மைக் காரணமாகச் சொல்கிறது: வேகமும் உயரமும் நிலைப்படாத இறக்கத்தை விடாமல் தொடர்ந்தது, இறங்கவேண்டிய பகுதியைத் தாண்டித் தொட்டது.

நான் சன்னலோரமாக உட்கார்ந்து எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். சக்கரம் தொட்டதும் இறக்கை மேல் பலகைகள் சட்டென்று எழும்பும், உடம்பு முன்னால் போகும், பெல்ட் வயிற்றை அழுத்தும். கண்ணாடியில் மழைத்தண்ணீர் பின்பக்கமாக ஓடும். கொட்டும் மழையிலும் ஒழுங்காக நின்று, திரும்பி, நிலையத்துக்கு வந்து நின்ற விமானங்கள் எத்தனை ஆயிரம்! ஆரம்பத்தில் தொட்டால் அந்தப் பாதை போதும். இங்கே தொட்டது 4,438 அடியில்.

திருச்சி மலைக்கோட்டை:
பைலட் தப்பு, பைலட் தப்பு என்கிறீர்களே, எங்கள் ஊரில் 2018 அக்டோபர் 12 அன்று என்ன நடந்தது? துபாய் கிளம்பிய விமானம் ஓடுபாதை முடிவில் இருந்த ஆண்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் இடித்துவிட்டு அப்படியே மேலே போனது. அடிவயிறு கிழிந்து போயிருந்தது. 136 பேரோடு மும்பையில் இறங்கியது. திருச்சியில் மலையும் இல்லை, பள்ளமும் இல்லை.

தென்காசி துரை:
அதைத்தான் நானும் சொல்கிறேன் தம்பி. பள்ளம் இல்லை, அதனால் உயிர் பிழைத்தார்கள்.

கூடலூரான்:
அது பள்ளம் இல்லாததால் அல்ல, சக்கரம் ஏற்கெனவே மேலே எழும்பிவிட்டதால். கிளம்பி ஓடும்போது கேப்டனின் இருக்கை முதுகு சரிந்து எஞ்சின் விசை குறைந்துபோன விவகாரம் அது. தரையிறங்கும் பேச்சில் கிளம்பும் விபத்தைக் கொண்டுவந்து நுழைக்காதீர்கள்.

திருச்சி மலைக்கோட்டை:
நான் நுழைக்கிறேனா? 'வட்டார விமான நிலையம்' என்றால் கரிப்பூர் மட்டும்தானா? திருச்சி என்றாலே உங்களுக்கு இளக்காரம். ஓடுபாதையை நீட்டச் சொல்லி வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இடம் எடுப்பதில் எங்கள் ஆட்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது.

அனிதா மதுரை:
வட்டாரம் என்றால் எங்கள் ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1971 டிசம்பர் 9, திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ ரக விமானம் சின்னமனூர் பக்கத்து மலையில் மோதி 21 பேர் இறந்தார்கள். அங்கே ஓடுபாதைக்கும் விபத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு விபத்துக்கும் கதை வேறு. அதனால்தான் காரணம் என்ற சொல்லை முதலில்...

கூடலூரான்:
மேடம், 1971-க்குப் போகவேண்டாம். நான் இரண்டு விபத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். மங்களூருக்கு வருவோம். 2010 மே 22 காலை. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். காசர்கோட்டுக் குடும்பங்கள் எத்தனை! ஓடுபாதை 8,033 அடி. சக்கரம் தொட்டது சுமார் 5,200 அடியில். கேப்டன் பயணத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கிறார், ஒலிப்பதிவில் இருக்கிறது. துணை பைலட் மூன்று முறை 'கோ அரவுண்ட்' சொன்னார். தொட்ட பிறகும்கூட முழுப் பிரேக் பிடித்திருந்தால் பாதைக்குள்ளேயே நின்றிருக்கும் என்று விசாரணையில் கணக்குப் போட்டார்கள். கேப்டனோ எஞ்சினைப் பின்விசைக்குப் போட்டுவிட்டு, திரும்ப மேலே தூக்கப் பார்த்தார். அங்கே 5,200, இங்கே 4,438. மலையா போய் அந்த எண்களை எழுதியது?

தென்காசி துரை:
பாதியை மட்டும் சொல்லுங்கள், உங்கள் வழக்கமே அதுதான். அதே அறிக்கையில் மங்களூர் ரேடார் அப்போது பழுது என்று இருக்கிறதா இல்லையா? அதனால் விமானத்தைத் தாமதமாகத்தான் கீழே இறங்கச் சொன்னார்கள். வழக்கமான உயரத்தைப் போல இரண்டு மடங்கில் வந்து சேர்ந்தார்கள். ஓடுபாதை முடிவில் ஆண்டெனாவைத் தாங்கிய கான்கிரீட் கட்டு இறக்கையை அடித்தது. இடித்தால் ஒடிந்துவிடுகிற மாதிரி கட்டவேண்டியதை கான்கிரீட்டில் கட்டியது பைலட்டா? அதைத் தாண்டினால் பள்ளம். 1981 ஆகஸ்ட் 19 அன்றும் அதே மங்களூரில் பழைய ஓடுபாதையைத் தாண்டிப் போனது ஒரு ஆவ்ரோ. பின்னாளில் கர்நாடக முதல்வரான வீரப்ப மொய்லி அதில் இருந்தார். அன்றைக்கு எல்லோரும் தப்பித்தார்கள், அவ்வளவுதான். அப்போதே பாடம் படித்திருக்கவேண்டாமா?

கூடலூரான்:
ரேடார் பழுது உண்மை. உயரமாக வந்ததும் உண்மை. அப்படி வந்தால் என்ன செய்யவேண்டும்? மேலே தூக்கிச் சுற்றி வரவேண்டும். அதைத்தான் துணை பைலட் மூன்று முறை சொன்னார்!

தென்காசி துரை:
சரி, ஓடுபாதையில் குறையே இல்லை என்றால் விபத்துக்குப் பிறகு கரிப்பூரில் பெரிய விமானங்களை ஏன் நிறுத்தினார்கள்? பாதை முடிவில் பாதுகாப்பு இடத்தை நீட்ட 14.5 ஏக்கர் நிலம் எதற்கு எடுத்தார்கள்? விமானப் பாதுகாப்பு நிபுணர் கேப்டன் மோகன் ரங்கநாதன் 2011-லேயே எழுத்தில் எச்சரித்தாரே, அவருக்கு விமானம் ஓட்டத் தெரியாதா? நீங்கள் சன்னலோரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டது அவருக்குத் தெரியாதா?

கூடலூரான்:
நான் உட்கார்ந்த சன்னலைக் கேலி செய்யாதீர்கள். அந்த சன்னலோரம் உட்கார்ந்து வந்தவர்களைத்தான் அன்றைக்கு கரிப்பூர் பக்கத்துக் கொண்டோட்டிக்காரர்கள் மழையில், கொரோனா பயத்தையும் பார்க்காமல், கையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்தம் கொடுக்க ராத்திரி முழுக்க வரிசையில் நின்றார்கள். அந்த ஊரைப் போய் மரணக்குழி என்று எழுதுகிறீர்கள். எனக்கு வலிப்பது அதுதான்.

நிலம் எடுத்தது நல்லது, எடுக்கட்டும். பாதை முடிவின் பாதுகாப்பு இடத்தை 240 மீட்டராக்கினாலும், பாதியில் தொட்டால் பாதியில் தொட்டதுதான்.

தென்காசி துரை:
ஊரைச் சொல்லவில்லை, ஓடுபாதையைச் சொன்னேன். திரிக்கவேண்டாம். கரிப்பூர் விமானத்தை ஓட்டிய கேப்டன் சாத்தே விமானப்படையில் இருந்தவர். மறுநாள் காலை விமானத்தை ஓட்ட அங்கே வேறு கேப்டன் இல்லை, எப்படியாவது இறங்கியாகவேண்டும் என்ற எண்ணம் அவரை அழுத்தியது என்று அறிக்கையிலேயே இருக்கிறது. அந்த நெருக்கடியை உண்டாக்கியது யார்? இதையும் உங்கள் 4,438-இல் எழுதிக்கொள்ளுங்கள்.

திருச்சி மலைக்கோட்டை:
எனக்கு இன்னும் பதில் வரவில்லை. திருச்சி சுவர் யார் தப்பு?

அனிதா மதுரை:
துரை சார் இப்போது சொன்னது ஓடுபாதையும் இல்லை, பள்ளமும் இல்லை. நிர்வாகம். அப்படியென்றால் உங்கள் முதல் வரியை மாற்றிக்கொள்கிறீர்களா?

தென்காசி துரை:
ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். பள்ளம் இல்லையென்றால் 21 பேரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

கூடலூரான்:
முதல் 3,000 அடிக்குள் தொட்டிருந்தாலும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். தொட்டது 4,438-இல். நாளைக்கு அறிக்கையின் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துப் போடுகிறேன்.

தென்காசி துரை:
போடுங்கள். அடுத்த பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள்.