நானுஓயா – நுவரெலியா இலகு ரயில்: மகஜரில் எதைக் கேட்பது?

கேள்வி – நானுஓயா வாசி

வணக்கம். எங்கள் சனசமூக நிலையத்தின் சார்பில் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கு ஒரு மகஜர் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நானுஓயாவில் கோச்சியை விட்டு இறங்குபவர் நுவரெலியா நகரை அடைய இன்னும் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் மலை ஏற வேண்டும். பஸ் நின்றால் பஸ்; இல்லாவிட்டால் முச்சக்கரவண்டி, அதுவும் கேட்ட விலைக்கு. ஏப்ரல் வசந்தகாலத்திலோ வாகனங்கள் இந்த வீதியில் ஊர்ந்துதான் செல்கின்றன. ஆகவே, ஒரு காலத்தில் இங்கே ஓடிய சிறிய ரயிலின் தடத்திலேயே, முடிந்தால் கந்தப்பளை, ராகலை வரைக்கும், நவீன இலகு ரயில் ஒன்றை, அதாவது டிராம் போன்ற சிறிய மின்சார ரயிலை, அமைக்குமாறு கேட்கலாம் என்பது எங்கள் இளைஞர்களின் எண்ணம்.

மூத்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். கொழும்பிலேயே கைவிட்டதை நானுஓயாவிலா கட்டப்போகிறார்கள் என்பது அவர்களுடைய வாதம். மலையில் இலகு ரயில் ஏறுமா, ஏறினாலும் எங்கள் ஊரின் அளவுக்கு அது பொருந்துமா, பொருந்தாது என்றால் மகஜரில் அதற்குப் பதிலாக எதைக் கேட்பது என்பதைத் துறை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். கனவு காண்கிறோம் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அதை வீட்டிலேயே நிறையக் கேட்டுவிட்டேன்.

பதில் – ஓய்வுபெற்ற புகையிரத ஊழியர், ஹட்டன்

தம்பி, மலையில் ஏறுமா என்ற கேள்விக்கு விடை உங்கள் ஊரிலேயே இருந்தது. அகலப் பாதை, அதாவது இன்றும் கோச்சி ஓடும் பெரிய ரயில் பாதை, 1885ஆம் ஆண்டு நானுஓயாவுக்கு வந்தது. அதன் பிறகு அது நுவரெலியா நகரைத் தொடாமல் பட்டிப்பொலைப் பக்கம் திரும்பி, பண்டாரவளை வழியாக 1924இல் பதுளையை அடைந்தது. இதிலே ஒரு வேடிக்கை என்னவென்றால், பட்டிப்பொல நிலையம் 1,890 மீற்றருக்கும் மேலே, நுவரெலியா நகரைவிடச் சற்று உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரம் ஏறிய பாதை நகரத்தை மட்டும் ஒதுக்கிவிட்டுப் போனது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2 அடி 6 அங்குல அகலத்தில் உடப்புசல்லாவைப் பாதை என்ற சிறுபாதையைப் போட்டார்கள். அது 1903இல் நுவரெலியாவுக்கும் அடுத்த ஆண்டில் ராகலைக்கும் போனது.

எங்கள் அகலப் பாதையின் கடுமையான ஏற்றம் 44 அடிக்கு ஓரடி. அந்தச் சிறுபாதை 24 அடிக்கு ஓரடி ஏறியது. அதன் மிகக் குறுகிய வளைவின் ஆரம் 80 அடிதான். நீராவி இயந்திரமே ஏறிய மலையில் மின்சார வண்டி ஏறாதா என்று நீங்கள் கேட்டால், ஏறும் என்றே சொல்வேன். மலையில் மழையும் மூடுபனியும் சேர்ந்து தண்டவாளத்தை வழுக்க வைக்கும் நாட்களில் சில்லுக்கு முன்னால் மணல் தூவ வேண்டியிருக்கும். அது எங்களுக்குப் பழகிய வேலை.

ஆனால் அந்தப் பாதை ஏன் மூடப்பட்டது என்பதையும் மகஜர் எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும். அது தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்கும் அரிசியையும் உரத்தையும் ஏற்றுவதற்கும் போடப்பட்ட பாதை. இரண்டு பாதைகளின் அகலமும் வேறு என்பதால், ராகலையிலிருந்து வந்த ஒவ்வொரு பெட்டியையும் நானுஓயாவில் இறக்கி, மீண்டும் பெரிய வண்டியில் ஏற்ற வேண்டும். பின்னர் லொறி வந்தது. தொழிற்சாலை வாசலிலேயே ஏற்றி, சேர வேண்டிய இடத்திலேயே இறக்கும் லொறியோடு சிறுபாதையால் போட்டியிட முடியவில்லை. 1940களில் அது முற்றாக மூடப்பட்டது. மலை அதைத் தோற்கடிக்கவில்லை. நானுஓயா மேடையில் நடந்த மாற்றி ஏற்றும் வேலைதான் தோற்கடித்தது. இன்று பெட்டிக்குப் பதிலாக மனிதர் மாறி ஏறுகிறார்.

பதில் – போக்குவரத்துப் பொறியியல் மாணவி, பேராதனை

ஐயா சொன்ன அளவுகளை இன்றைய கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். 24க்கு 1 என்பது 4.2 வீதச் சரிவு. இன்றைய இலகு ரயில் வண்டிகள் 6 வீதச் சரிவைச் சாதாரணமாக ஏறுகின்றன. 80 அடி என்பது ஏறத்தாழ 24 மீற்றர். 25 மீற்றர் ஆரமுள்ள வளைவில் திரும்பும் டிராம் வண்டிகள் உலகில் நிறைய உண்டு. எனவே தொழில்நுட்பம் தடையல்ல. தடை பயணிகளின் எண்ணிக்கையில், அதிலும் அவர்கள் எந்த நேரத்தில் வருகிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஒரு கோச்சியிலிருந்து நானுஓயாவில் 300 பேர் இறங்கி நுவரெலியாவுக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 50 ஆசனமுள்ள ஆறு பஸ்கள் அவர்களை ஒரே தடவையில் கொண்டுபோய்விடும். அடுத்த கோச்சி வரும்வரை அந்தப் பஸ்கள் வேறு வழித்தடத்தில் ஓடலாம். இலகு ரயில் வண்டியோ அந்த இடைவெளி முழுவதும் வெறுமையாக ஓட வேண்டும், அல்லது சும்மா நிற்க வேண்டும். தண்டவாளம், மின்கம்பி, துணைமின் நிலையம், பணிமனை ஆகியவற்றுக்கான செலவு வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒன்றுதான். ஒரு திசையில் மணிக்கு ஆயிரக்கணக்கானோர், காலை முதல் இரவு வரை இடைவிடாமல் பயணம் செய்யும் வழித்தடத்தில்தான் அந்தச் செலவு தலைக்கு இவ்வளவு என்று பிரிந்து சிறிதாகும். ஏப்ரல் மாதக் கூட்டத்தைக் காட்டி இதை நியாயப்படுத்த முடியாது. மீதிப் பதினொரு மாதங்களும் கணக்கில் வரும்.

கொழும்புத் திட்டத்தை உங்கள் மூத்தவர்கள் குறிப்பிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். மாலபேயிலிருந்து கோட்டை வரை 15.7 கிலோமீற்றர் நீளத்தில் 16 நிலையங்களோடு தூண்களின் மேல் அமைக்கத் திட்டமிட்ட பாதை அது. ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு 2019 மார்ச்சில் கையெழுத்தான முதற்கட்டக் கடன் ஏறத்தாழ 3,000 கோடி யென். வட்டி 0.1 வீதம், திருப்பிச் செலுத்த 40 ஆண்டுகள், அதில் முதல் 12 ஆண்டுகள் சலுகைக் காலம். இவ்வளவு இலகுவான நிபந்தனைகளுடன் வந்த திட்டத்தையே, செலவுக்கேற்ற பயன் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி 2020 செப்டெம்பரில் அரசாங்கம் நிறுத்தியது. அந்த முடிவு சரியென்று நான் நினைக்கவில்லை. மாலபே வழித்தடத்தில் கூட்டம் உண்மையானது. ஆனால் அத்தகைய கூட்டம் உள்ள இடத்திலேயே அது நின்றுபோனது என்றால், நானுஓயாவுக்காக யார் கடன் தருவார் என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பதில் – கண்டி வாசகர்

மாணவியின் கணக்கில் பிழையில்லை. இருந்தாலும் மலையகம் என்றாலே "உங்களுக்குப் பஸ் போதும்" என்று முடித்துவிடும் பழக்கம் எனக்குக் கசக்கிறது. கண்டியைப் பாருங்கள். பேராதனை, கட்டுகஸ்தோட்டை, தென்னக்கும்புர ஆகிய மூன்று பக்கத்து வாகனங்களும் வாவியைச் சுற்றியுள்ள ஒரு கிண்ணத்துக்குள் வந்து விழுகின்றன. 1998 ஜனவரிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு தலதா மாளிகைக்கு முன்னாலிருந்த வீதியும் வாகனங்களுக்கு மூடப்பட்டது. நகரம் உலக மரபுரிமைப் பட்டியலில் இருப்பதால் மேம்பாலம் கட்டுவதும் எளிதல்ல. பொலிவியாவின் லா பாஸ் நகரம் 2014 முதல் கம்பிவடத்தில் தொங்கி ஓடும் தொட்டில்களைப் பஸ் சேவை போலவே நடத்துகிறது. மேட்டு நகரமான கண்டிக்கு அதுவோ இலகு ரயிலோ ஏன் ஆகாது?

பதில் – போக்குவரத்துப் பொறியியல் மாணவி, பேராதனை

கண்டிக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. மலையகத்தில் இலகு ரயிலைப் பற்றிப் பேசத் தகுந்த இடம் அதுதான். லா பாஸின் தொட்டிலில் 10 பேர் அமரலாம். 12 விநாடிக்கு ஒன்று புறப்பட்டால் மணிக்கு 3,000 பேர். ஆனால் தூண் ஊன்றும் ஒவ்வொரு சரிவுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டியிருக்கும்.

அதைவிட முதலில் கண்ணில் படுவது ஏற்கனவே இருக்கும் தண்டவாளம். பேராதனைச் சந்தி, பல்கலைக்கழக மாணவர் இறங்கும் சரசவி உயன, கண்டி, கட்டுகஸ்தோட்டை, வத்தேகம என்று 1880 முதல் மாத்தளைவரை செல்லும் பாதை நெரிசல் மிகுந்த வீதிகளை ஒட்டியே போகிறது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவ நகரம் 1992இல் தன் டிராம் வண்டிகளைச் சாதாரணப் புகையிரதப் பாதையிலேயே அயலூர்களுக்கு ஓடவிட்டது. நமது பாதை மின்மயமாக்கப்படாதது. ஆகவே டீசலில் ஓடும் இலகுவான இரட்டைப் பெட்டி வண்டியிலிருந்துதான் நாம் தொடங்க வேண்டியிருக்கும்.

சிக்கல், வீதியைத் தண்டவாளம் குறுக்கே கடக்கும் கடவைகளில் வரும். 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் இரு திசைக்கும் சேர்த்து மணிக்கு எட்டு வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் கடவையை 3 நிமிடம் மூடினால் ஒரு மணித்தியாலத்தில் 24 நிமிடம் வீதி அடைபட்டிருக்கும். இதைச் சொல்லாமல் வண்டிகளைக் கூட்டச் சொன்னால், பஸ்ஸுக்குள் அமர்ந்திருப்பவரே நம்மைத் திட்டுவார். இலகுவான வண்டி குறைந்த தூரத்தில் நிற்கக்கூடியது என்பதால் கடவையைப் பிந்தி மூடலாம்; அதற்கேற்பச் சமிக்ஞை முறையை மாற்றுவதுதான் அங்கே முதற் செலவு.

பதில் – தோட்டப் பாடசாலை ஆசிரியை

கண்டிக்குப் போன பேச்சை மன்னித்து நானுஓயாவுக்கே திரும்பி வருகிறேன். நான் வாரந்தோறும் ஊருக்குப் போய்த் திரும்புகிறவள். கோச்சி நாற்பது நிமிடம் பிந்தினால் அதற்கென்று நின்ற பஸ் போய்விட்டிருக்கும். ஒரு மாலை, கோச்சி நின்று நாங்கள் படியேறி வெளியே வருவதற்குள் எங்கள் கண்ணெதிரே கடைசிப் பஸ் வளைவில் மறைந்தது. சாரதியைக் குறை சொல்லவில்லை. அவர் கையிலிருந்த அட்டவணைப்படி அவர் சரியாகத்தான் புறப்பட்டார். எங்களுடன் இறங்கிய ஒரு அம்மா, மறுநாள் காலை நுவரெலியா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போவதற்காக மகள் வீட்டில் தங்க வந்தவர். முச்சக்கரவண்டிக்குக் கொடுத்த பணத்தில் அவர் மருந்தே வாங்கியிருக்கலாம்.

சுற்றுலாப் பயணிக்கு வேன் காத்திருக்கிறது. ஐயா சொன்ன மாற்றி ஏற்றும் துன்பம் யாருடையது என்று பார்த்தால், லயத்திலிருந்து பெரிய வீதிக்கு நடந்துவந்து, பஸ் ஏறி, கோச்சி மாறிப் பயணம் செய்பவருடையதுதான். கோச்சி வரும்வரை பஸ் காத்திருக்க வேண்டும், அது நிலைய முற்றத்திலேயே நிற்க வேண்டும், மழைக்கு ஒதுங்க ஒரு கூரை வேண்டும், பஸ் நேரம் தமிழிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். என்னைக் கேட்டால் மகஜரின் முதற் பக்கத்தில் இவைதான் வர வேண்டும்.

பதில் – நானுஓயா வாசி

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் எழுதியதை நேற்று எங்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். இளைஞர்களும் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். கோச்சிக்காகப் பஸ் காத்திருக்க வேண்டும் என்று யாரிடம் கேட்பது? ஒருவர் புகையிரதத் திணைக்களம் என்கிறார், மற்றவர் டிப்போ என்கிறார்.

பதில் – ஓய்வுபெற்ற புகையிரத ஊழியர், ஹட்டன்

அங்கேதான் முடிச்சு இருக்கிறது. புகையிரதம் மத்திய அரசாங்கத்தின் திணைக்களம். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ் தனி நிர்வாகம். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பது மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை. நுவரெலியா வழியாகப் பதுளைக்குப் போகும் பஸ் என்றால் மாகாண எல்லையைத் தாண்டுவதால், அது தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கீழ் வரும். நால்வரையும் ஒரே மேசையில் அமர்த்தக்கூடிய இடம் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுதான் என்பதால், உங்கள் மகஜர் சரியான விலாசத்துக்குத்தான் போகிறது. "கோச்சி வந்து பத்து நிமிடத்துக்குப் பிறகே இன்னின்ன பஸ் புறப்படும், கோச்சி பிந்தினால் நிலையத்திலிருந்து நேரக்காப்பாளருக்குத் தொலைபேசியில் அறிவிக்கப்படும்" என்று நேரம், இடம் குறித்து எழுதுங்கள். பொதுவாக எழுதினால் ஆவன செய்யப்படும் என்று ஒரு கடிதம் வரும், அத்துடன் சரி.

பழைய சிறுபாதையின் தடத்தையும் விட்டுவிடாதீர்கள். இன்று ரயில் வேண்டாமென்றாலும், அந்தக் காணியில் எது இன்னும் அரச காணியாக இருக்கிறது என்று அளந்து ஒதுக்கிவைக்கும்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள். போன காணியை மீட்பது தண்டவாளம் போடுவதைவிடக் கடினம்.

பதில் – போக்குவரத்துப் பொறியியல் மாணவி, பேராதனை

மகஜரோடு ஒரு கணக்கெடுப்பையும் இணைத்தால் அதற்கு வலு வரும். ஒரு வார நாள், ஒரு சனிக்கிழமை, ஒரு போயா தினம் என மூன்று நாட்கள் போதும். ஒவ்வொரு கோச்சியிலும் எத்தனை பேர் இறங்கினார்கள், எங்கே போகிறார்கள், எதில் ஏறினார்கள், எத்தனை நிமிடம் காத்திருந்தார்கள் என்பதை எழுதுங்கள். அட்டவணைப்படி வர வேண்டிய நேரத்தையும் உண்மையில் வந்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் குறியுங்கள். படிவத்தை நானே வரைந்து அனுப்புகிறேன்.

பதில் – தோட்டப் பாடசாலை ஆசிரியை

படிவத்தில் மூட்டைக்கும் ஒரு கட்டம் போடுங்கள், தங்கச்சி. கையில் ஒரு மூட்டை மரக்கறியோ, இடுப்பில் ஒரு குழந்தையோ இருப்பவரைப் பஸ் நிறைந்துவிட்டால் ஏற்றுவதில்லை. அவர் அடுத்த பஸ்ஸுக்குத்தான் நிற்பார். அவர் காத்திருந்த நேரம் தனியாகத் தெரிய வேண்டும்.

பதில் – நானுஓயா வாசி

சேர்த்துக்கொள்கிறோம், டீச்சர். வரும் சனிக்கிழமை காலை முதற் கோச்சியிலிருந்தே தொடங்குகிறோம். ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். குடை மட்டும் நான்குதான் இருக்கிறது.