கீழே கூட்டிப்போனால் போகாத நாய்க்குட்டி, வீட்டுக்குள் வந்ததும் கால்மிதியில் போகிறது. வழி சொல்லுங்கள்

கேள்வி (வேளச்சேரி, மூன்றாம் மாடி)

வணக்கம். எங்களிடம் மூன்று மாத நாட்டுநாய்க் குட்டி இருக்கிறது, ஆண். தெருவில் தாய் இல்லாமல் கிடந்ததை என் கணவர் தூக்கி வந்தார். நன்றாகச் சாப்பிடுகிறது, ஓடியாடுகிறது. பூச்சி மருந்து கொடுத்தாச்சு, தடுப்பூசி இன்னும் ஒன்று பாக்கி.

காலையில் கீழே காம்பவுண்டுக்குக் கூட்டிப்போனால் செடியை மோந்து பார்க்கும், காக்காயைத் துரத்தும், எவ்வளவு நேரம் நின்றாலும் ஒன்னுக்குப் போகாது. மேலே வந்து கதவைத் திறந்ததும் கால்மிதியில் போய்விடும். மற்ற நேரங்களில் சோபாவுக்குப் பின்னால் அல்லது கட்டிலுக்கு அடியில். ஆய் போவதும் அப்படித்தான், நாங்கள் பார்க்காத இடமாகப் பார்த்து. செய்தித்தாள் விரித்தால் கிழித்து விளையாடுகிறது. ஃபினாயில் ஊற்றித் துடைத்த இடத்திலேயே மறுபடியும் போகிறது. வீட்டில் பெரியவர்கள் எங்காவது கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார்கள். எனக்கு மனசில்லை.

பதில் (திண்டுக்கல்)

தங்கச்சி, எங்கள் ஊர்ப்பக்கம் போன இடத்திலேயே மூக்கை வைத்துத் தேய்த்து ஒரு தட்டு தட்டுவோம். கொஞ்ச நாளில் வாசலுக்குப் போகப் பழகிவிடும். செல்லம் கொடுத்தால் கெட்டுப்போகும்.

பதில் (கோவை)

அண்ணா சொல்வதை மறுக்க வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். ஊரில் குட்டி பழகுவதற்குக் காரணம் திறந்த வாசலும் மண் தரையும். மூக்கைத் தேய்ப்பதால் ஒரு பயனும் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் போனதற்கு இப்போது அடித்தால் குட்டிக்கு அது எதற்கான அடி என்று விளங்காது. நீங்கள் பக்கத்தில் வந்தால் வலிக்கும் என்று மட்டும் விளங்கும்.

அக்கா, நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. வீட்டில் ஒளிந்து போகிறது, கீழே உங்கள் முன்னால் போவதில்லை. அது போகும்போது வீட்டில் யாராவது சத்தம் போடுகிறார்களா?

கேள்வி கேட்டவர்

மாமனார் அதட்டுவார். செய்தித்தாளைச் சுருட்டித் தரையில் ஓங்கித் தட்டுவார். அடித்ததில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்கே குட்டி வாலை ஒடுக்கிக்கொண்டு ஓடிவிடும்.

பதில் (கோவை)

அப்போ உங்களுக்கு இருப்பது ஒரே பிரச்சினைதான். "வீட்டில் போகக்கூடாது" என்று அது கற்கவில்லை. "மனுஷங்க பார்க்கும்போது போகக்கூடாது" என்று கற்றிருக்கிறது. கீழே பெல்ட்டின் மறுமுனையில் நீங்கள் நிற்கிறீர்கள், அதனால் அடக்கிக்கொள்கிறது. மேலே பெல்ட்டைக் கழற்றியதும் போய்விடுகிறது. முதலில் அந்தச் செய்தித்தாள் சத்தத்தை அடியோடு நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

கீழே போனால் ஒரே மூலை, தினமும் அதே மூலை. பெல்ட்டைச் சின்னதாகப் பிடித்து அசையாமல் நில்லுங்கள். பேச வேண்டாம், முகத்தையும் பார்க்க வேண்டாம். பயந்த குட்டிக்குப் பார்வையே அதட்டல். போக ஆரம்பித்தால் முடிக்கும்வரை விடுங்கள். பாதியில் பாராட்டினால் நிறுத்திவிட்டு ஓடி வரும், மீதி வீட்டில் வரும். முடித்த அந்த நொடியில், அதே இடத்தில், வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. படியேறி வந்து கொடுத்தால் படி ஏறியதற்குப் பரிசு என்றுதான் நினைக்கும். காக்காய் துரத்துவதெல்லாம் அதற்குப் பிறகு.

போகவில்லையா? மேலே கூட்டி வாருங்கள், ஆனால் அவிழ்த்து விடாதீர்கள். மடியில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லை பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சமையல் வேலையைப் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி கீழே. இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். "இப்போதானே போய்வந்தோம்" என்று வீட்டுக்குள் அவிழ்த்து விடுவார்கள், அது நேரே கால்மிதிக்குப் போகும்.

கால்மிதி, பாய், தரைவிரிப்பு எல்லாவற்றையும் சுருட்டி மேலே வையுங்கள். காலுக்குக் கீழே ஈரத்தை உறிஞ்சும் பொருள் இருந்தால் போகலாம் என்று அது பழகியிருக்கிறது. உங்கள் வீட்டில் டைல்ஸ் தரை என்றால் மெத்தென்று இருப்பது அந்தக் கால்மிதி ஒன்றுதான்.

பதில் (திருச்சி, கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளர்)

பயிற்சிக்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போகிறதா, முக்குகிறதா, சிறுநீரில் சிவப்பு தெரிகிறதா, அந்த இடத்தை ஓயாமல் நக்குகிறதா, வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதா? ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர்ப் பாதையில் தொற்று இருந்தால் எந்தப் பயிற்சியும் எடுபடாது. ஆள் வந்ததும் குனிந்து, மல்லாந்து, கொஞ்சமாக விட்டால் அது வேறு. பயத்தாலோ அதிக சந்தோஷத்தாலோ வருவது. அதற்குத் திட்டினால் இன்னும் கூடும்.

மூன்று மாதக் குட்டிக்கு அடக்கும் சக்தி குறைவு. வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம் தாங்கலாம் என்பது பொதுக் கணக்கு. அதுவும் சும்மா படுத்திருக்கும்போதுதான். தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், சாப்பிட்டுக் கால் மணி முதல் அரை மணிக்குள்ளும் கட்டாயம் கூட்டிப்போக வேண்டும். தண்ணீரைக் குறைக்காதீர்கள், நம் ஊர் வெயிலுக்கு ஆபத்து.

ஃபினாயில் பற்றி: அது வாசனையால் மூடும், அவ்வளவுதான். நமக்குப் போன வாடை நாய்க்குப் போயிருக்காது. பெட் ஷாப்பில் என்சைம் கலந்த கிளீனர் கிடைக்கும். அதை ஊற்றிப் பாட்டிலில் சொன்ன நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள். கறுப்பு ஃபினாயில் குட்டி நக்கினால் விஷம். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் போட்டால் கண்ணும் தொண்டையும் எரிகிற வாயு வரும், அதுவும் வேண்டாம்.

உங்கள் காம்பவுண்டுக்குத் தெருநாய்கள் வருமா? ஒரு ஊசி பாக்கி என்கிறீர்கள். குட்டிகளுக்கு உயிரை எடுக்கிற வாந்தி, வயிற்றுப்போக்கு நோயைத் தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஊசி முடியும்வரை மொட்டை மாடிதான் பாதுகாப்பு. அகலமான பிளாஸ்டிக் தட்டில் சுத்தமான மணலைப் பரப்பி ஒரு மூலையில் வையுங்கள். மூத்திரம் துடைத்த துணித்துண்டு ஒன்றை அதில் போட்டால் அந்த வாசனையை வைத்து அதிலேயே போகும்.

கேள்வி கேட்டவர்

சொட்டுச் சொட்டாகப் போவது, சிவப்பு எதுவும் இல்லை. தெருநாய்கள் வரும், அதனால் மொட்டை மாடியில் மணல் வைக்கிறேன். இன்னொன்று: மாமியார் பாசத்தில் இரவு பத்து மணிக்குப் பால் சோறு கொடுக்கிறார். விடியற்காலையில் தண்ணீர் மாதிரி ஆய் போகிறது. அதனாலா?

பதில் (திருச்சி)

பெரும்பாலும் அதனால்தான். பசும்பாலில் உள்ள சர்க்கரை நிறைய நாய்களுக்குச் செரிக்காது, வயிறு இளகிவிடும். பாலை நிறுத்துங்கள். சோறும் வேகவைத்த கோழியும், இல்லை குட்டிகளுக்கான உணவு, ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, தினமும் அதே நேரங்களில். கடைசி வேளை ஏழு மணிக்கு முடியட்டும். சாப்பாடு நேரத்துக்கு உள்ளே போனால் வெளியே வருவதும் நேரத்துக்கு வரும். பாலை நிறுத்தியும் தண்ணீராகப் போனால், அல்லது வாந்தியோ ரத்தமோ சோர்வோ இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ஊசி முடியாத குட்டிக்குக் காத்திருக்கக் கூடாது. மாமியாருக்குக் கொடுக்க ஆசை என்றால், மாடியில் மணலில் போனதும் அந்தக் கோழித் துண்டை அவர் கையால் கொடுக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. பால் நிறுத்தியதும் ஆய் கெட்டியாகிவிட்டது. முதலில் மணலைத் தோண்டி விளையாடியது, இப்போது காலையில் ஏறியதும் அதில்தான் போகிறது. மாமியார் பின்னாலேயே டப்பாவோடு வருகிறார். கட்டிலுக்கு அடியில் இன்னும் எப்போதாவது போகிறது, ஆனால் ஒளிவது குறைந்திருக்கிறது. நேற்று ஹாலில் என் கண்ணெதிரே உட்காரப் போனது, சத்தம் போடாமல் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன், மீதியை மணலில் முடித்தது. மழைக்காலம்தான் கவலை. நேற்றுத் தூறலுக்கே மாடிக் கதவைத் தாண்ட மறுத்துவிட்டது.

பதில் (கோவை)

கண்ணெதிரே உட்கார்ந்ததே பெரிய மாற்றம், அக்கா. கட்டிலுக்கு அடியில் பெட்டியை வைத்து அடைத்துவிடுங்கள்.

மழைக்கு மணல் தட்டை மாடிப்படி முடியும் இடத்தில், கூரைக்கு உள்ளே நகர்த்துங்கள். ஒரே நாளில் இடத்தை மாற்றாமல் தினம் ஓரடி நகர்த்தினால் குழம்பாது. மணல் நனைந்தால் மாற்றிவிடுங்கள். ஊசி முடிந்து கீழே இறங்கிய பிறகும் தேங்கிய மழைத்தண்ணீரில் விடாதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், நாய்க்கும் வரும், நமக்கும் வரும். அடுத்த ஊசி போடும்போது அதற்கான மருந்தும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.