காம்பாக்ட் கிராஸ்ஓவரைக் கொடுத்து ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக் எடுப்பது: என்னென்ன பார்க்கணும்?

வளைவுப்பாதை (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. கையில் இருப்பது ஐந்து வருஷம் ஓடிய காம்பாக்ட் கிராஸ்ஓவர். 1.5 லிட்டர் பெட்ரோல், டர்போ கிடையாது, சிவிடி (கியர் படிகள் இல்லாமல் விகிதம் தொடர்ச்சியாக மாறும்) கியர்பாக்ஸ், முன்சக்கர இழுவை, 215/60 ஆர்17 டயர். வண்டியில் பழுது ஒன்றும் இல்லை. ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதலில் சத்தம் வருகிறது, பிறகுதான் வேகம் வருகிறது. வளைவில் பாடி சாய்ந்து முடித்த பிறகே வண்டி திரும்புகிறது.

இதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு மூன்று நான்கு வருஷம் ஓடிய ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக் ஒன்று எடுக்க நினைக்கிறேன். பட்டியலில் இருப்பவை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, ஹூண்டாய் ஐ30 என், சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். தினமும் ஓட்டும் ஒரே வண்டி இதுதான். வழியில் வேகத்தடைகள் உண்டு, பின்சீட்டில் குழந்தை இருக்கை உண்டு, பழைய வண்டிக்குக் கொஞ்சம் கடன் பாக்கியும் உண்டு.

தினசரி ஓட்டத்தில் எதை இழப்பேன்? இப்படிப்பட்ட பழைய வண்டியில் எதையெல்லாம் சோதிக்கணும்? எக்ஸ்சேஞ்ச் பேரத்தை எப்படி அணுகணும்? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

திருகுவிசை

குதிரைத்திறனை ஓரமாக வைத்துவிட்டு டயர் அளவிலிருந்து தொடங்குங்கள். இந்த மாற்றத்தில் நீங்கள் தினமும் உணரப்போவது அதைத்தான்.

உங்கள் 215/60 ஆர்17 டயரின் பக்கச்சுவர் உயரம் 215-இல் 60 சதவீதம், அதாவது 129 மி.மீ. ஜிடிஐ, ஐ30 என் இரண்டிலும் பரவலாக வரும் 225/40 ஆர்18-இல் அது 90 மி.மீ. மேல் பதிப்புகளில் வரும் 235/35 ஆர்19-இல் 82 மி.மீ. பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் மோதும்போது முதல் அடியை வாங்குவது இந்த ரப்பர்தான், ஸ்பிரிங்கும் டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) அதற்குப் பிறகே. ரப்பரில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டால் அந்த அடி ரிம்முக்கும் உங்கள் முதுகுக்கும் வந்து சேரும்.

தரை இடைவெளியும் குறையும். உங்கள் டயரின் முழு விட்டம் சுமார் 690 மி.மீ., 225/40 ஆர்18-க்கு 637 மி.மீ. ஆரக் கணக்கில் பார்த்தால் டயர் மாறுவதாலேயே வண்டி 26 மி.மீ. இறங்கிவிடுகிறது. சஸ்பென்ஷன் தாழ்வு அதற்கு மேல். வேகத்தடையில் பெரும்பாலும் பிரச்சினை வராது. சரிவுப் பாதை ஏறும் இடத்திலும், பார்க்கிங்கில் சக்கரத்தை நிறுத்தும் கான்கிரீட் கட்டையிலும்தான் முன் பம்பரின் கீழ் உதடு உடையும். சரிவில் நேராக ஏறாமல் குறுக்காக, ஒரு சக்கரம் முதலில் ஏறுகிற மாதிரி போங்கள். கட்டை இருக்கும் இடத்தில் பின்பக்கமாக நிறுத்துங்கள்.

என் கருத்து உறுதியானது: ஒரே வண்டியை தினமும் ஓட்டுபவர் 19 அங்குலத்தைத் தொடவே வேண்டாம். 18 போதும். 17 கிடைத்தால் இன்னும் நல்லது. ஜிடிஐயில் 225/45 ஆர்17 போட்டால் விட்டம் 634 மி.மீ., ஸ்பீடோமீட்டர் வித்தியாசம் அரை சதவீதம்தான், பக்கச்சுவரோ 101 மி.மீ. ஆகிறது. சின்ன ரிம் பெரும்பாலும் எடையும் குறைவு. ஆனால் வாங்குவதற்கு முன் ரிம்மைப் பொருத்தி, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, பிரேக் கேலிப்பரில் (டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) உரசவில்லை என்று பார்க்கணும். பெரிய டிஸ்க் உள்ள பதிப்புகளில் 17 உள்ளே போகாமல் இருக்கலாம். ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் தளம் தள்ளியிருக்கும் தூரம்), நடுத்துளை விட்டம், டயரின் சுமைக் குறியீடு மூன்றும் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்கும் கையேட்டுக்கும் பொருந்தணும்.

ஸ்டெப்னி இருக்கிறதா என்று பூட் தளத்தைத் தூக்கிப் பாருங்கள். பல ஸ்போர்ட்டி ஹேட்ச்களில் ஒட்டுத் திரவமும் காற்றுப் பம்பும் மட்டும்தான் இருக்கும். ஆணி ஓட்டைக்கு அது போதும், பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. தாழ்ந்த பக்கச்சுவரில் கிழிசல்தான் அதிகம் வரும். ஒல்லி ஸ்டெப்னி இருந்தால் அது முன் கேலிப்பருக்கு மேல் உட்காருமா என்றும் கேளுங்கள். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழலாமல் இரண்டுக்கும் விசையைப் பகிரும் அமைப்பு) உள்ள வண்டியில் முன் டயர் பஞ்சர் ஆனால் ஒல்லிச் சக்கரத்தை முன்னால் போடக்கூடாது. பின் சக்கரம் ஒன்றை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டு, ஒல்லியைப் பின்னால் போடணும். இல்லாவிட்டால் இரண்டு பக்க விட்ட வித்தியாசத்தால் டிஃபரன்ஷியல் விடாமல் நழுவிக்கொண்டே சூடாகும்.

வால்வுச்சத்தம்

டயர் பற்றி மேலே சொல்லியாச்சு. நான் பழைய வண்டிச் சோதனைக்கு வர்றேன்.

முதல் விதி: எஞ்சின் குளிர்ந்து இருக்கும்போதுதான் பார்க்கணும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிடுங்க. குளிர்ந்த ஸ்டார்ட்டில் செயின் சலசலப்பு ஓரிரு விநாடியில் அடங்கணும். நீண்டா டென்ஷனரையும் (செயினை இறுக்கிப் பிடிக்கிற பாகம்) செயினையும் சந்தேகப்படணும். சைலன்சரில் நீலப் புகை தெரிஞ்சா எண்ணெய் எரியுது.

அடுத்து, யாராவது ஈசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்துற கணினி) ரீமேப் பண்ணியிருக்காங்களான்னு, அதாவது கூடுதல் பவருக்கு அதன் மென்பொருளை மாத்தியிருக்காங்களான்னு தெரிஞ்சுக்கணும். இந்த வகை வண்டியில் இதுதான் பெரிய ஆபத்து, ஏன்னா விற்கும்போது பழைய மென்பொருளை மறுபடி ஏத்திடலாம். அதனால மென்பொருளை மட்டும் நம்பாதீங்க, சுற்றுப்புறத்தைப் பாருங்க: இன்டேக் குழாயின் கிளிப்புகள் புதுசா இருக்கா, திருகுகளில் ஸ்பேனர் தழும்பு இருக்கா, எக்ஸாஸ்டில் வெட்டி வெல்ட் பண்ணின அடையாளம் இருக்கா. ஃபோக்ஸ்வாகன்னா கம்பெனி சர்வீஸில் டிடி1 குறி விழுந்திருக்கான்னு கேளுங்க. மென்பொருள் மாற்றம் கண்டுபிடிக்கப்பட்ட வண்டிக்கு அந்தக் குறி போடுவாங்க. அது விழுந்தா எஞ்சின், கியர்பாக்ஸ் வாரண்டி கேள்விக்குறிதான்.

கையில் ஓபிடி ஸ்கேனர் (வண்டிக் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கிற கருவி) எடுத்துட்டுப் போங்க. பிழைக்குறியீடு ஒண்ணுமே இல்லாம, ரெடினஸ் சோதனைகள் (வண்டி தன்னைத்தானே செஞ்சுக்கிற பரிசோதனை) பாதி முடியாம இருந்தா, சமீபத்தில் யாரோ குறியீட்டை அழிச்சிருக்காங்க, இல்லைன்னா பேட்டரியைக் கழட்டியிருக்காங்க. காரணம் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

மேனுவல்னா கிளட்ச் சோதனை: சமதளத்தில் நாலாவது அல்லது அஞ்சாவது கியர், 2,000 ஆர்பிஎம், அங்கிருந்து முழு மிதி. ஆர்பிஎம் முள் துள்ளி ஏறி, வேகம் அதே விகிதத்தில் ஏறலைன்னா கிளட்ச் நழுவுது. டர்போ டார்க் முழுசா வர்ற நேரத்தில்தான் இது வெளிப்படும், அதனால மெதுவா ஓட்டிப் பார்த்தா தெரியாது.

ஜிடிஐயின் ஆறு கியர் டிஎஸ்ஜி, அதாவது ஃபோக்ஸ்வாகனின் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் (டிக்யூ250), எண்ணெயில் நனைஞ்சு இயங்குற ஈரக் கிளட்ச் வகை. 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாத்தியிருக்கணும், பில் காட்டச் சொல்லுங்க. அந்த எண்ணெய் அளவை 35 முதல் 45 டிகிரி வெப்பத்துக்குள்ள, வழிகுழாய் வழியாத்தான் சரிபார்க்கணும். சூட்டில் குத்துமதிப்பா ஊத்தினவங்க கையில் பட்ட பெட்டி கியர் மாறும்போது உதறும். எலக்ட்ரானிக் டிஃபரன்ஷியல் இருக்கிற பதிப்புக்கு அதுக்கும் தனி எண்ணெய் மாற்றம் உண்டு. நிறைய சர்வீஸ் கணக்கில் விட்டுப்போற வேலை இது.

ஏழாம் தலைமுறை ஜிடிஐயில் கூலன்ட் அளவைக் கட்டாயம் பாருங்க. வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் கூடுக்குள்ள இருக்கு. சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி நெளிஞ்சு, கேஸ்கெட் ஓரமாக் கசியும். இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே டார்ச் அடிச்சுப் பார்த்தா காய்ஞ்ச இளஞ்சிவப்புப் படிவு தெரியும். தொட்டியில் அளவு கொஞ்சம் குறைஞ்சிருக்குன்னு விட்டுடாதீங்க. சூடாகாம கூலன்ட் குறையுதுன்னா முதல் சந்தேகம் இதுதான்.

பிரேக் டிஸ்கின் விளிம்பில் குறைந்தபட்சத் தடிமன் அச்சடிச்சிருக்கும், காலிப்பர் அளவுகோலை வெச்சு அளந்துடுங்க. டயர் நாலும் ஒரே பிராண்டான்னும், தயாரிப்பு வாரமும் வருஷமும் சொல்ற நாலு இலக்கத்தையும் பாருங்க. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு, முன் டயரின் உள்பக்கத் தோளைக் கையால் தடவுங்க. உள்பக்கம் மட்டும் தேய்ஞ்சிருந்தா அலைன்மென்ட் கெட்டிருக்கு, அல்லது வண்டியைத் தாழ்த்தி ஓட்டியிருக்காங்க. ரிம்மின் உள்வட்டத்தில் நெளிவும் மெல்லிய விரிசலும் இருக்கும், வெளியே இருந்து பார்த்தா பளபளன்னுதான் தெரியும். வண்டியை லிஃப்டில் ஏத்தாம முடிவு பண்ணாதீங்க.

வரவுசெலவு

பேரத்தில் ஏமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: பழைய வண்டியின் மதிப்பு, புதிய வண்டியின் விலை, கடன் தவணை மூன்றையும் ஒன்றாகக் கலந்து பேசும்போது. "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்ற கேள்விக்குப் பதிலே சொல்லாதீர்கள். தவணையைக் குறைத்துக் காட்ட மாதங்களைக் கூட்டினால் போதும், வட்டி உங்கள் தலையில் விழும்.

ஒரு கணக்கு பாருங்கள். முதல் டீலர் உங்கள் வண்டிக்கு 100 தருகிறார், ஹேட்ச்பேக் விலை 180. அடுத்தவர் 90தான் தருகிறார், வண்டி விலை 165. முதல் ஆள் தாராளமாகத் தெரிவார். ஆனால் கையிலிருந்து போவது முதலாமவரிடம் 80, இரண்டாமவரிடம் 75. வித்தியாசத் தொகையை மட்டும் எழுத்தில் வாங்கி ஒப்பிடுங்கள். அதில் பதிவு, பெயர் மாற்றம், கையாளும் கட்டணம் எல்லாம் சேர்ந்திருக்கணும்.

கடன் பாக்கிக்கு வங்கியிடம் ஒரு குறிப்பிட்ட தேதிக்கான முடிப்புத் தொகைக் கடிதம் வாங்குங்கள். ஆப்பில் தெரியும் அசல் பாக்கியும் முடிப்புத் தொகையும் ஒன்றல்ல. அன்றைய தேதி வரை வட்டியும், சில ஒப்பந்தங்களில் முன்கூட்டி முடிக்கும் கட்டணமும் சேரும். அந்தத் தொகை வண்டி மதிப்பைவிட அதிகமாக இருந்தால், பற்றாக்குறையைப் புதிய கடனில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். வேகமாக மதிப்பு இறங்கும் வண்டியின் மேல் பழைய வண்டியின் கடனையும் சுமப்பீர்கள்.

எக்ஸ்சேஞ்சுக்கு விடும் முன் சர்வீஸ் பில்கள், இரண்டாவது சாவி, ஜாக்கி, பூட் மூடித் தட்டு எல்லாம் சேர்த்து வையுங்கள். உள்ளே நன்றாகச் சுத்தம் செய்யுங்கள். புது டயர், பெயின்ட் வேலை எதுவும் வேண்டாம், போட்ட காசு மதிப்பில் திரும்பாது. நேரடியாகத் தனியாருக்கு விற்றால் எவ்வளவு வரும் என்றும் ஒரு விலை கேட்டு வையுங்கள், அதுதான் உங்கள் பேரத்தின் அடித்தளம்.

கையெழுத்துக்கு முன் இன்ஷூரன்ஸ் தொகை. மாடல் பெயரைச் சொல்லிக் கேட்காமல், அந்த வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரே ஹேட்ச்சின் சாதாரணப் பதிப்புக்கும் ஸ்போர்ட் பதிப்புக்கும் பிரீமியம் வேறு. பழைய உரிமையாளர் செய்த மாற்றங்களையும் தெரிவிக்கணும், மறைத்தால் விபத்துக் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.

வளைவுப்பாதை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு சந்தேகம். குழந்தை இருக்கையோடு இந்த மூன்றில் எது ஒத்துவரும்? சிவிடியிலிருந்து வருவதால் டிசிடி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) எடுப்பதா, மேனுவலா?

திருகுவிசை

இருக்கையைக் கையோடு எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். பின்நோக்கி இருக்கை என்றால் முன் பயணி சீட் எவ்வளவு முன்னால் தள்ளப்படுகிறது என்பதுதான் கேள்வி. கிராஸ்ஓவரில் சீட் உயரம் உங்கள் இடுப்பளவில் இருந்தது. இதில் குனிந்து, குழந்தையோடு உள்ளே திரும்பி மாட்டணும். ஐசோஃபிக்ஸ் (குழந்தை இருக்கையை வண்டிச் சீட்டோடு பூட்டும்) கொக்கியை ஐந்தாறு தடவை மாட்டிக் கழற்றினால் முதுகு பதில் சொல்லிவிடும். பூட் அளவில் கோல்ஃப் 380 லிட்டர் அளவில் இருக்கும், ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 265தான். தள்ளுவண்டியை மடித்து உள்ளே வைத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

ஆனாலும் ஸ்விஃப்டைச் சீக்கிரம் ஒதுக்கிவிடாதீர்கள். 1.4 லிட்டர் டர்போ, 230 நியூட்டன் மீட்டர், எடை ஏறத்தாழ ஒரு டன். மற்ற இரண்டும் அதைவிட நானூறு கிலோ அளவுக்குக் கனம். டயரும் பிரேக் பேடும் சிறியவை, எடை குறைவதால் தேய்மானமும் குறைவு. மிதமான வேகத்திலேயே வளைவின் சுகம் கிடைக்கும். பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு) என்பதால் மோசமான சாலையின் நடு வளைவில் பின்பக்கம் கொஞ்சம் தாவும், ஒவ்வொரு சக்கரமும் தனியாக அசையும் மல்டிலிங்க் உள்ள மற்ற இரண்டும் அங்கே நிதானம்.

வால்வுச்சத்தம்

கியர்பாக்ஸ் விஷயத்தில்: ஊர்ந்து போற நெரிசல் அதிகம்னா ஈரக் கிளட்ச் டிசிடி சரி. ஐ30 என்-இல் 2021 முதல் வர்ற எட்டு கியர் பெட்டியும் ஈர வகைதான். ஆனா சிவிடி பழக்கத்தை விட்டுடணும். மேட்டில் பிரேக் மிதிக்காம ஆக்ஸிலரேட்டரில் வண்டியைப் பிடிச்சு நிறுத்தினா கிளட்ச் வெந்துபோகும். முன்னாடி வண்டி ஒரு நீளம் நகர்ந்த பிறகு பிரேக்கை விட்டு நகருங்க, ஒவ்வொரு அடிக்கும் ஊராதீங்க.

மேனுவல்னா, ஆறாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் முழு மிதி மிதிக்காதீங்க. நேரடி இன்ஜெக்ஷன் டர்போ எஞ்சினில் தாழ்ந்த ஆர்பிஎம், அதிக பாரம்கிற இந்த நிலைமையில்தான் எரிபொருள் நேரத்துக்கு முன்னாடியே தானா வெடிக்கும். பிஸ்டன் வளையத்துக்கு இடையில் இருக்கிற பாகத்தையே அது உடைச்சிடும். ஒரு கியர் இறக்கிட்டு மிதியுங்க. எண்ணெயும் ஏபிஐ எஸ்பி தரமா, கையேடு சொல்ற ஒப்புதல் எண்ணோட இருக்கணும்.

வாங்கின முதல் வாரத்தில் எஞ்சின் எண்ணெயும் பிரேக் திரவமும் மாத்திடுங்க, பழைய பில் என்ன சொன்னாலும் சரி. டாட் 4 திரவத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை புதுசில் 230 டிகிரி. ஈரத்தை உறிஞ்சின பிறகு தரம் கேட்கிற அளவே 155தான். மலை இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குறதுக்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பழைய திரவம்தான்.

திருகுவிசை

டெஸ்ட் டிரைவ் பற்றி ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் நான்கு டயரிலும் குளிர்ந்த நிலையில் காற்றை அளந்து, ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள். காற்று கூடுதலாக இருந்தால் வண்டி இருப்பதைவிடக் கடினமாகத் தெரியும், குறைவாக இருந்தால் மென்மையாகத் தெரியும். பிறகு டீலர் காட்டும் வழியை விட்டு, நீங்கள் தினமும் போகும் மோசமான சாலையில் ஓட்டுங்கள். டேம்பர் மோடு இருந்தால் ஒவ்வொன்றிலும் அதே பாதை. ஒரு மெதுவான இறுக்கமான திருப்பத்தில் இரண்டாவது கியரில் முழு மிதி கொடுத்து வெளியே வாருங்கள். உள்சக்கரம் வெறுமனே சுழன்றால் அதில் பிரேக்கைப் பிடித்துச் சமாளிக்கும் திறந்த டிஃபரன்ஷியல், மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டு போனால் லிமிடெட் ஸ்லிப். விளம்பரத்தில் எழுதியிருக்கும் பதிப்புப் பெயர் உண்மையா என்று அந்த ஒரு திருப்பத்திலேயே தெரிந்துவிடும்.